ஜன்னலைச் சாத்தச் சொன்ன இரண்டு பேர்

பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் ஒரு கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தார். வழக்குக் கட்டுகளை வரிசைப்படுத்துவதும், சாட்சிகளைக் கூப்பிடச் சொல்வதும், கூப்பிட்டும் வராதவர்களை வராதவர்கள் என்று எழுதிவைப்பதும் அவர் வேலை. நெடுங்காலம் அதையே செய்ததில் அவருக்கு ஒரு கொள்கை படிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னால் அது உண்மை. ஒருவர் மட்டும் சொன்னால் அது பேச்சு.

கோர்ட்டுக்குள் இருந்தவரை இந்தக் கொள்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர் அதைத் தன் உடம்புக்கும் கொண்டுவந்தார்.

அவருக்குச் சொல்லும்படியான நோய் கிடையாது. கேள்விகள் இருந்தன. தலைக்கு எண்ணெய் தேய்த்த அன்று மோர் சேர்க்கலாமா? வெந்நீர் குடித்தால் பல் ஆட்டம் காணுமா? இடது பக்கம் சாய்ந்து படுப்பது இருதயத்துக்குப் பாரமா, வலது பக்கம் படுப்பது ஈரலுக்குப் பாரமா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்ததால் சில மாதங்கள் மல்லாந்து படுத்தார். டாக்டரிடம் போகமாட்டார். டாக்டர் ஒரே ஆள். அதிலும் பதிலைச் சொல்லிவிட்டு உடனே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார். அதனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வாய்தா வாங்க வந்த வக்கீல், தபால்காரர் என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் விசாரித்தார். ஒருமுறை, அடிதடி வழக்கில் தலையில் கட்டோடு நின்ற மனிதரைத் தனியே அழைத்து, காயம் ஆறும்போது அரிப்பு எடுக்கிறதா, எடுத்தால் காலையிலா மாலையிலா என்று கேட்டார். அந்த மனிதர் அதைச் சமரசத்துக்கான பேச்சு என்று நினைத்துக்கொண்டு, தன் தரப்பு நியாயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

இப்படிக் கேட்பதைச் சிலர் அக்கறை என்றும் சிலர் தொந்தரவு என்றும் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை என்று தோன்றுகிறது. அக்கறை உள்ளவன் பதிலுக்காகக் கேட்கிறான். பாக்கியசீலன் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்காகக் கேட்டார்.

அவர் மனைவி சாலோமி, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயில் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்று பாடிவந்தார். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் கடைசிச் சரணத்தை ஒரே குரல் தனியாகப் பாடவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சரணத்தைப் பாடிவந்த அம்மா கணவரின் மாற்றலோடு அந்த வருஷம் கோயம்புத்தூர் போய்விட்டார். குழுத் தலைவர் தேவசிகாமணி, நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகையில், "சாலோமியம்மா, நீங்க பாடுங்களேன்" என்று, பென்சில் கேட்பது மாதிரிக் கேட்டார். சாலோமி சரி என்றார். அந்தச் சரணத்தை அவர் அடுப்படியில் வருஷக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தார் என்பதும், ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை என்பதும் பாக்கியசீலனுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

டிசம்பர் வந்தால் ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளையடிப்பார்கள். பாக்கியசீலன் வீட்டில் வெள்ளையடிப்போடு மேஜை, நாற்காலி, அலமாரிகளுக்குப் பாலிஷும் உண்டு. முக்கியமாகச் சாப்பாட்டு மேஜை. தேக்கில் செய்தது. சாலோமியின் அப்பா சீதனமாகக் கொடுத்தது. பண்டிகை அன்று வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தாக வேண்டும், வீட்டில் வேறு இடமில்லை. பழைய பாலிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுக்கவேண்டும். சனிக்கிழமைகளில் மந்திரமூர்த்தி என்ற ஆசாரி வந்து பூச்சு வேலையைப் பார்ப்பார். இடைப்பட்ட நாட்களில் ஆபீஸ் விட்டு வந்து பாக்கியசீலன் உப்புத்தாள் போடுவார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேஜையைத் தொடமாட்டார்கள்.

முதல் சனிக்கிழமையே மந்திரமூர்த்தி வழக்கமான ஆட்சேபத்தைத் தெரிவித்தார்.

"சித்திரையில செய்ய வேண்டிய வேலைய மழையில செய்யச் சொல்லுதிய அண்ணாச்சி."

"சித்திரையில போட்டா டிசம்பர்ல பளபளப்பு எங்க இருக்கும்?"

"அங்கனதான் இருக்கும். எங்க போவுது? தண்ணித் தம்ளரக் கொண்டு அது மேல வைக்காம இருந்தாச் சரி."

"சாப்பாட்டு மேஜையில தம்ளர் வைக்காம தலையிலயா வே வைக்கது?"

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. வேலை முடியுத வரைக்கும் ஜன்னலு, கதவு எல்லாத்தையும் சாத்திருங்க. ஈரக்காத்துப் பட்டுதுன்னா பாலிஷ் பூத்துரும். பால ஊத்தித் தொடச்ச மாதிரி வெள்ளையாப் போயிரும். பொறவு என்னையச் சொல்லக்கூடாது."

பாக்கியசீலன் கூடத்து ஜன்னல்களைச் சாத்தினார். பலகைகளின் இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாகச் செருகினார். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. உள்ளே ஸ்பிரிட் வாடையும் உப்புத்தாள் தூசியும் தங்கின.

சில நாட்களில் சாலோமிக்கு இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் இளைப்பு. விடியற்காலையில் நெஞ்சிலிருந்து எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் வரும். எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பாக்கியசீலன் தன் முறைப்படி விசாரணையை ஆரம்பித்தார். கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஆவுடைநாயகத்தின் மருந்துக்கடை.

"பனிக்காலத்துல நெஞ்சுல கீச்சுகீச்சுன்னு சத்தம் கேட்டா என்ன வே செய்யணும்?"

"யாருக்கு?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவுக்கெல்லாம் மாத்திரை குடுக்க முடியாது, சார்வாள். உங்களுக்கா, வீட்டுலயா?"

"வீட்டுலன்னே வச்சுக்கிடும்."

"பனியும் ஊதக்காத்தும் சேரலன்னு அர்த்தம். ஜன்னலச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லுங்க. காதுல பஞ்சு வைக்கச் சொல்லுங்க. முடிஞ்சா டாக்டர்ட்ட ஒரு தடவ காமிச்சிருங்க."

கடைசி வாக்கியத்தைப் பாக்கியசீலன் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. ஆவுடைநாயகத்துக்கு மந்திரமூர்த்தியைத் தெரியாது. மந்திரமூர்த்திக்கு ஆவுடைநாயகத்தைத் தெரியாது. இரண்டு பேரும் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் படுக்கையறை ஜன்னலையும் சாத்தி, அதற்கும் வேட்டித் திரி செருகினார்.

இதே நாட்களில் அவருக்கும் தலைவலி வந்தது. இரண்டு பேரை விசாரித்ததில் இருவரும் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். புதுக் கண்ணாடி வழியாகத் தலைவலி இன்னும் தெளிவாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை மந்திரமூர்த்தி பூச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாக்கியசீலன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏம் வே மந்திரமூர்த்தி, உமக்குச் சளி பிடிக்குமா?"

"எனக்கா? சளியாவது ஒண்ணாவது. இந்த வாடையில கிருமி நிக்குமா?"

"நிக்காதுங்கீரு."

"நானே எப்பவாச்சும்தான் நிக்கேன், அது எப்படி நிக்கும்?"

சொல்லிவிட்டு மந்திரமூர்த்தி பீடி குடிக்க முற்றத்துக்குப் போனார். அன்று அவர் அடிக்கடி போனார். பாக்கியசீலன் அதை வேலைக்கள்ளம் என்று எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை மருந்துக்கடையில் நின்று, ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமா என்று ஆவுடைநாயகத்தைக் கேட்டார். "ஊசி போடுததுக்கு முன்னால அதக் கொண்டுதான தொடைக்கோம்" என்றார் ஆவுடைநாயகம். மறுபடியும் இரண்டு பேர். அன்று மாலை சாலோமியின் நாற்காலி அடுப்படி வாசலிலிருந்து கூடத்துக்கு, பாலிஷ் போட்ட அலமாரிக்குப் பக்கத்தில் இடம் மாறியது.

"இங்கன எதுக்கு?" என்றார் சாலோமி.

"கொஞ்ச நேரம் உக்காந்து இழுத்து மூச்சு விடு. நெஞ்சுக்கு நல்லது."

"யாரு சொன்னா?"

"ரெண்டு பேரு."

சாலோமி கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அவருக்குக் கணவர் மேல் இருந்த நம்பிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவர், எந்த நாற்காலி கிடைத்தாலும் உட்காருவார். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதை நேராகவே சொன்னார்.

"இங்க பாருங்க. பள்ளிக்கூடத்துல இருக்கும்போது எனக்கு ஒண்ணும் செய்யல. ஞாயித்துக்கிழமை கோயில்லயும் நல்லா இருந்துச்சு. வாசப்படி ஏறி உள்ள வந்தாத்தான் அடைக்கு. இது பனி இல்ல. உங்க பாலிஷ்."

"நீ சொல்லுதத நான் பொய்யுன்னு சொல்லல. ஆனா நீ கட்சிக்காரி. கட்சிக்காரி சொல்லுதத மட்டும் வச்சு ஒண்ணையும் தீர்மானிக்க முடியாது. வேற யாராவது சொல்லணும்."

"நெஞ்சு என்னுது. வேற யாரு வந்து சொல்லுவா?"

கேள்வி நியாயமானது என்று பாக்கியசீலனுக்கே பட்டிருக்கவேண்டும். ஏனென்றால் எழுந்துபோய் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மேஜையின் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சாலோமிக்குச் சரணத்தின் இரண்டாவது அடியில் மூச்சு நின்றது. இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடம். இதற்குள் இளைப்பு வீட்டுக்கு வெளியேயும் கூடவே வரத் தொடங்கியிருந்தது. தேவசிகாமணி ஆர்கனை மூடிவிட்டு மெல்ல வந்தார்.

"அலட்டிக்கிடாதிங்க அம்மா. இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கு. அன்னைக்கும் இப்படி இருந்தா, ஞானதீபத்தப் படிச்சு வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். சும்மா, ஒரு ஏற்பாட்டுக்கு."

ஞானதீபம் முன்வரிசையில் நின்ற இளம்பெண். நல்ல குரல். அதில் சாலோமிக்குச் சந்தேகமே கிடையாது. ஒருமுறை அந்தச் சரணம் ஞானதீபத்திடம் போனால் இன்னும் இருபது வருஷத்துக்கு அங்கேயே இருக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாலோமி பையில் துணி அடுக்கினார். சேரன்மகாதேவியில் அவர் தம்பி எஸ்றா இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் வயலும் உண்டு.

"தம்பி வீட்டுக்குப் போறேன். பள்ளிக்கூடத்துக்கு அங்கன இருந்தே பஸ்ஸுல வந்துக்கிடுதேன்."

"சேரமாதேவிக்கா? ஆத்தங்கரை, நாலு பக்கமும் வயலு. பனி மழையா கொட்டும். ஒனக்கு இருக்கது கொறச்சலா இருக்குன்னு போறியா?"

"ஆமா. கொறச்சலாத்தான் இருக்கு."

"நான் சொன்னதுக்கு ரெண்டு பேரு..."

"அந்த ரெண்டு பேரையும் சரணத்தப் பாடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு சாலோமி பஸ்ஸுக்குப் போனார்.

பாக்கியசீலன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. பனி மிகுந்த ஊரில் இளைப்பு அதிகமாகும், அதிகமானால் திரும்பி வருவாள், அப்போது சாட்சியம் முழுமையாகும் என்று காத்திருந்தார். இளைப்பு அதிகமாகவேண்டும் என்று அவர் விரும்பினார் என்று சொன்னால் அது அநியாயம். அதிகமாகும் என்று எதிர்பார்த்தார். நல்ல மனிதர்களிடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில சமயம் மிகக் குறுகலாக இருக்கிறது.

செய்தி எதுவும் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், குரங்குக் குல்லாவும் மப்ளரும் மாட்டி, இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, அவரே பஸ் ஏறினார். சேரன்மகாதேவியில் இறங்கும்போது தூறல். வயலுக்கு மேல் பனி இன்னும் எழும்பாமல் கிடந்தது. எஸ்றா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அத்தான். என்ன, கொள்ளையடிக்கப் போறவன் மாதிரி வந்திருக்கிய?"

பாக்கியசீலன் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "என்னலே சொன்ன?"

"ஒண்ணுமில்ல. அக்கா பொறவாசல்ல இருக்கா."

உள்ளே போனவர் முதலில் பார்த்தது ஜன்னலை. ஜன்னல் இருந்தது, கதவு இல்லை. வெறும் கம்பி. அதன் வழியாக வயலில் இருந்து குளிர்ந்த காற்று நேராக வீட்டைக் கடந்துபோனது.

"ஜன்னல் கதவு எங்கலே?"

"கரையான் தின்னுட்டு. தைப்பொங்கலுக்குப் போடணும். சாக்குப்படுதா கட்டியிருந்தேன். அக்காதான் வந்த அன்னைக்கே அவுத்துட்டா."

"அவுத்துட்டு?"

"அங்கனதான் கட்டில இழுத்துப் போட்டுப் படுத்திருக்கா. எனக்குத்தான் ரெண்டு நாளா மூக்கு ஒழுவுது."

அப்போது புறவாசலில் இருந்து பாட்டு வந்தது. சாலோமி மொச்சை உரித்துக்கொண்டே சரணத்தைப் பாடினார். முதல் அடி, இரண்டாவது அடி, நீளமாக இழுக்கவேண்டிய மூன்றாவது அடி. இழுப்பு முடியும் இடத்தில் இருமல் வரும் என்று பாக்கியசீலன் கூடத்தில் நின்று காத்திருந்தார். மொச்சைத் தொலி உடைகிற சத்தம் வந்தது. நாலாவது அடி வந்தது. மறுபடி முதலிலிருந்து.

அவர் எஸ்றாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் மேஜையைப் பார்த்துச் சொன்னார். மற்றவர் பனியைப் பார்த்துச் சொன்னார். ஒரே வாக்கியம்தான், ஆனால் அது இரண்டு வெவ்வேறு வழக்குகளில் சொல்லப்பட்டது. இரண்டையும் ஒரே கட்டாகச் சேர்த்துத் தைத்தவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இதையெல்லாம் அவர் அங்கே யோசித்தாரா என்று தெரியாது. நெடுநேரம் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எஸ்றா பிறகு சொன்னார்.

"எப்பம் வந்திய?" என்றபடி சாலோமி மொச்சையோடு உள்ளே வந்தார்.

"இப்பந்தான். வீட்டுக்கு எப்பம் வாற?"

"வரத்தான் வேணும். அதிகாலை ஆராதனைக்கு இங்கன இருந்து அந்நேரம் பஸ் கெடையாது. பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் வாறேன். ஆனா ஒண்ணு. அந்த வாடை இருந்தா நான் வாசல்லயே திரும்பிருவேன். ஒரு ராத்திரி அதுக்குள்ள படுத்தேன்னா காலையில ஞானதீபம்தான்."

"அதுக்குள்ள முடிஞ்சிரும். கடைசிப் பூச்சு ஒண்ணுதான் பாக்கி."

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சாலோமி தடையில்லாமல் பாடினார். தேவசிகாமணி, "அப்பம் நீங்கதான்" என்றார்.

கடைசிப் பூச்சு சனிக்கிழமை முடிந்திருக்கவேண்டும். அன்று மழை அடைத்துப் பெய்ததில் மந்திரமூர்த்தி வரவில்லை. ஈரத்தில் பொட்டலத்தைத் தொட்டால் மேஜை கெட்டுவிடும் என்று சொல்லியனுப்பினார். அடுத்த நாள் ஞாயிறு. கடைசியில் பண்டிகைக்கு முந்தின நாள் காலையில்தான் வந்தார். வீட்டை இறுக்கச் சாத்திக்கொண்டு, ஒரு பீடிக்குக்கூட வெளியே போகாமல், பூச்சுமேல் பூச்சாகப் போட்டு முடித்தார். மேஜை தேன் நிறத்தில் மின்னியது. குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. பாக்கியசீலன் குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு விடியுத வரைக்கும் ஜன்னல்ல கை வச்சிராதிய அண்ணாச்சி. வெளிய பாருங்க, காத்தப் புழிஞ்சா தண்ணி வரும்."

மத்தியானம் சாலோமி பையோடு வந்தார். கம்பிக்கதவைத் திறந்து, குடையை மடக்கி, படியில் ஒரு கால் வைத்தார். உள்ளேயிருந்து வாடை வந்தது. ஒருமுறை இருமினார். கால் கீழே இறங்கியது.

"வாடை இருக்கு" என்றார்.

"காலையிலதான் போட்டான். மழையில வரமுடியல."

"சரி. நான் போறேன்." குரலில் கோபம் இல்லை. குடையை மறுபடி விரித்தார்.

பாக்கியசீலன் வாசலில் நின்றபடி மேஜையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலோமியைப் பார்த்தார். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்து அவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, இந்தக் கதையை எனக்குச் சொன்ன சாலோமியிடமே ஒருமுறை கேட்டேன். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஒரு நிமிஷம் நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கூடத்து ஜன்னலில் செருகியிருந்த திரியை உருவினார். அது முதலில் வரவில்லை. பாலிஷ் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்து இழுத்தார். ஜன்னலைத் திறந்தார். அடுத்த ஜன்னல். படுக்கையறை. அடுப்படி. புறவாசல் கதவு. மழையில் நனைந்த காற்று புறவாசல் வழியாக வந்து, கூடத்தைத் தாண்டி, வாசலில் நின்ற சாலோமியின் குடையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் தெருவுக்குப் போனது.

மேஜை வெளுத்தது. ஒரு ஓரத்தில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கி, பிறகு அந்த மங்கல் நடுவுக்கு வந்து, பாக்கியசீலன் முகம் பார்த்த இடத்தையும் மூடியது. மந்திரமூர்த்தி சொன்னது சரி. பாலை ஊற்றித் துடைத்த மாதிரிதான் இருந்தது. ஒருவர் மட்டும் சொன்னதாக இருந்தும் அது உண்மையாக இருந்தது. பாக்கியசீலன் அது முடியும்வரை பார்த்துவிட்டு, வாசலுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"இங்கன இரு. வாடை போகட்டும்."

சாலோமி உட்கார்ந்து பையிலிருந்து எஸ்றா கொடுத்த வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். பாதியை நீட்டினார். மழையில் வாழைப்பழம் சாப்பிட்டால் சளி பிடிக்குமா என்பது பாக்கியசீலனுடைய பழைய கேள்விகளில் ஒன்று. வாங்கித் தின்றார்.

பொழுது சாய்வதற்குள் வீட்டில் ஈரமண் வாடை மட்டும்தான் இருந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் படுத்தார்கள். பாக்கியசீலன் தும்மிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் அதிகாலை கோயில் நிறைந்திருந்தது. கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் ஆர்கன் தணிந்தது; சாலோமி பாடினார். நன்றாகப் பாடினார் என்று சொல்லலாம். மூன்றாவது அடியின் முடிவில் சுருதி ஒரு நூல் இறங்கியது. மூச்சு இறங்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டதால் மேற்கொண்டு தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தேவசிகாமணி, "அடுத்த வருஷமும் நீங்கதான் அம்மா, பாலிஷ் மட்டும் வேண்டாம்" என்றார். விஷயம் எப்படியோ அவர்வரைக்கும் போயிருந்தது.

பாக்கியசீலன் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டத்தில் யாரையாவது பிடித்து எதையாவது விசாரித்துக்கொண்டிருப்பார். அன்று சாலோமி இறங்கி வரும்வரை சும்மா நின்றார்.

"இப்பம் நெஞ்சு எப்படி இருக்கு?"

"பசிக்கி. வாங்க போவோம்" என்றார் சாலோமி.

முற்பகலில் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மந்திரமூர்த்தி. பண்டிகைக்கு முறுக்கும் கேக்கும் வாங்கிப்போக வருஷாவருஷம் வருவார். தன் வேலையை நாலு பேர் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கவும் வருவார். கூடத்துக்குள் வந்தவர் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். பெருவிரலால் ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"யாரு ஜன்னலத் தொறந்தது?"

"நான்தான்."

"மழை பெஞ்சிட்டு இருந்திருக்குமே?"

"பெஞ்சிட்டுத்தான் இருந்துச்சு."

"நான் சொன்னது மறந்துட்டா?"

"மறக்கல."

மந்திரமூர்த்திக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. குற்றவாளி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் விசாரணையில் சுவாரசியம் போய்விடுகிறது. சாலோமி தட்டில் கேக்கோடு வந்தார்.

"சித்திரையில வந்து இந்த வெளுப்ப எடுத்துத் தாரேன் அக்கா" என்றார் மந்திரமூர்த்தி அவரிடம்.

"வாங்க தம்பி. மேஜைய முற்றத்துல தூக்கிப் போட்டுச் செய்யுங்க. வீட்டுக்குள்ள இனி அந்த ஸ்பிரிட் புட்டி வரக்கூடாது."

"சரிக்கா. ஆனா அண்ணாச்சி, ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இன்னைக்கு வாறவங்க யாரு பாலிஷ் போட்டான்னு கேட்டா என் பேரச் சொல்லிராதிய. தெக்குபஜார்ல ஒரு வக்கீல் வீட்டு வேல பேசி வச்சிருக்கேன்."

"நான்தான் போட்டேன்னு சொல்லிருதேன்."

அப்படியே செய்தார். அன்று வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கேட்டார்கள். கேட்காமல் இருக்க முடியாதபடி மேஜை அப்படி இருந்தது. முப்பது வருஷம் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்த இடத்தில் வேலை பார்த்தவர், பண்டிகை நாளில், வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தயக்கமில்லாமல் பொய் சொன்னார். நான்தான் போட்டேன். நான்தான் கெடுத்தேன். இரண்டாவது பாதி உண்மை என்பதால் முதல் பாதி சுலபமாகப் போயிற்று.

சாயங்காலம் ஆவுடைநாயகம் வந்தார். கழுத்தில் மப்ளர். திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்து மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன சார்வாள், இந்த ஊதக்காத்துல எல்லாத்தையும் தொறந்து போட்டிருக்கிய? மேஜையும் வெளுத்துக் கெடக்கு. எதுக்கு இதெல்லாம்?"

பாக்கியசீலன் ஒருமுறை தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவ உள்ள வரணும்லா" என்றார்.